ஈத்துக் காலத்தில் ஆடும் குட்டியும்: எதைக் கண்டால் என்ன செய்வது

எங்கள் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் காடு) இருப்பவை மயிலம்பாடிச் செம்மறி ஆடுகள். வெளியூரில் மேச்சேரி இனம் என்பார்கள். பெட்டை ஆடு 20 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான், பிறக்கும்போது 2 முதல் 2.5 கிலோ இருக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள் என்பதால் ஆனியில் சினை பிடித்த ஆடு கார்த்திகை மழையில் ஈனும். ஆடி, ஆவணியில் பிடித்தது மார்கழி, தைப் பனியில் ஈனும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில் ஒன்பது நாள் விடாமல் தூறியது. அந்த ஈத்தில் எங்கள் பட்டியில் 11 குட்டிகள் செத்தன. ஈனும்போது சிக்கி இறந்தவை இரண்டுதான். மற்ற ஒன்பதும் நல்லபடியாகத் தரையில் விழுந்து, எழுந்து நின்று, அடுத்த ஒன்றிரண்டு நாளில் போனவை. அப்புறம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தபோது, அந்த ஒன்பதில் எதன் வாயிலும் நாங்கள் விரல் விட்டுப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அதனால் குட்டி பிறந்த பிறகு வரும் தொல்லையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஈனும்போது வரும் சிக்கல் அதற்கு அடுத்துத்தான்.

கையில் இவை இருக்கட்டும்: காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், டிங்சர் அயோடின், குளுக்கோஸ் பொடி, முழங்கை வரை வரும் கையுறை, சோப்பு, ஒரு பாட்டில் லிக்விட் பாரஃபின், வெந்நீரில் அலசிக் காயவைத்த மெல்லிய பருத்திக் கயிறு, பழைய வேட்டித் துணி, பால்புட்டி. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. அந்த எண்ணும் உங்கள் ஊர் கால்நடை மருத்துவரின் எண்ணும் வீட்டில் எல்லோர் போனிலும் இருக்க வேண்டும்.

குட்டி கூனி நிற்கிறது, கத்தவும் இல்லை

வயிறு நிறைந்த குட்டி எழும்போது உடம்பை நீட்டி முறிக்கும். பசித்த குட்டி முதுகைக் கூனி, நான்கு காலையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு நிற்கும். முதலில் கத்தும், தெம்பு குறையக் குறையக் கத்துவதையும் விட்டுவிடும். சத்தமில்லாமல் கிடக்கிறது, தூங்குகிறது என்று நினைத்துத்தான் நாங்கள் ஏமாந்தோம்.

கையைக் கழுவிவிட்டுச் சுண்டுவிரலை வாய்க்குள் விடுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் பால்தான் குறை. தாயைப் பிடித்துக் காம்பில் இரண்டு பீச்சு பீச்சிப் பாருங்கள். முதல் சீம்பால் கெட்டியாக இருப்பதால் காம்பின் நுனியில் மெழுகு மாதிரி அடைத்திருக்கும். அது வெளியே வந்தாலே குட்டி ஊட்ட (பால் குடிக்க) ஆரம்பித்துவிடும். அடைத்த காம்பைச் சப்பிச் சப்பிச் சோர்ந்துபோன குட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாய் சில்லென்று இருந்தால் உடனே தெர்மாமீட்டரை ஆசனவாயில் வையுங்கள். குட்டிக்குச் சரியான சூடு 39 முதல் 40 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 102 முதல் 104. 37-க்கும் 39-க்கும் நடுவில் இருந்தால் ஈரத்தைத் துடைத்து, சீம்பால் கொடுத்து, சாக்கு விரித்த கொடாப்புக்குள் (குட்டி அடைக்கும் கூடை) வைத்தால் போதும். அரை மணிக்கு ஒருமுறை சூட்டைப் பாருங்கள்.

37-க்கும், அதாவது 98.6 ஃபாரன்ஹீட்டுக்கும், கீழே போய்விட்டால் குட்டி பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை வைத்து வைத்தியம் மாறும். இதை நாங்கள் தெரிந்துகொண்டது தாமதமாகத்தான். பிறக்கும்போதே குட்டியின் உடம்பில் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். அதை எரித்துத்தான் முதல் சில மணி நேரம் சூட்டைக் காக்கிறது. ஐந்து மணி நேரத்துக்குள் என்றால் அது இன்னும் மிச்சமிருக்கும். துடைத்து, சூடேற்றி, 37 டிகிரியைத் தாண்டியதும் சீம்பால் கொடுக்கலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் பால் குடிக்காமல் கிடந்த குட்டிக்கு அந்தக் கொழுப்பும் தீர்ந்து, ரத்தத்தில் சர்க்கரையும் வற்றியிருக்கும். அதை அடுப்படியில் கொண்டுபோய்ச் சூடேற்றினால் உடம்பு விழித்துக்கொண்டு சர்க்கரை கேட்கும், கொடுக்க ஒன்றும் இருக்காது. இழுப்பு வந்து செத்துப்போகும். எங்கள் ஒன்பதில் மூன்று அப்படித்தான் போயின. தவிட்டுச் சாக்கில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தோம். கால் மணி நேரத்தில் உதறி உதறி அடங்கின.

ஆகவே நேரமாகிவிட்ட குட்டிக்கு முதலில் குளுக்கோஸ், அப்புறம் சூடு. தலையைத் தூக்கிப் பிடித்து விழுங்குகிற நிலையில் இருந்தால் வெதுவெதுப்பான சீம்பாலைக் கொடுத்துவிட்டுச் சூடேற்றலாம். தலை தொங்கினால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. நேராக நுரையீரலுக்குப் போகும். மருத்துவர் வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஊசி போடுவார். பத்து நிமிட வேலைதான், செத்த மாதிரி கிடந்த குட்டி அதில் எழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அவர் வரும்வரை குளுக்கோஸ் பொடியைச் சில சொட்டுத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து ஈறிலும் நாக்கின் அடியிலும் தடவிக்கொண்டிருங்கள்.

சூடேற்ற, கொடாப்புக்கு மேலே மூன்று நாலு அடி உயரத்தில் ஒரு 100 வாட் குண்டு பல்பு தொங்கவிடலாம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைக்கலாம். தோலைத் தொடும்படி வெறும் பாட்டிலை வைக்காதீர்கள், வெந்துவிடும். விறகுப் புகை வேண்டாம், சளி பிடிக்கும்.

எவ்வளவு பால் என்றால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 50 மில்லி. 2 கிலோ குட்டிக்கு 100 மில்லி. முதல் 24 மணி நேரத்தில் மொத்தம் 400 மில்லி போக வேண்டும். முதல் வேளை இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட்டால் மிகவும் நல்லது. குட்டிக்கு நோயைத் தாங்கும் சக்தி தாய் வயிற்றிலிருந்தபோது வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும் கதவு ஒரு நாளில் மூடிவிடும். தாயிடம் பால் இல்லையென்றால் அன்றைக்கு ஈன்ற வேறொரு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லையென்றால் வெள்ளாடு, மாடு. பால் அதிகமுள்ள ஆட்டிடம் கொஞ்சம் பீச்சிச் சின்னச் சின்ன பாட்டிலில் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்க வேண்டும். அடுப்பில் காய்ச்சினால் சீம்பாலின் பலன் போய்விடும்.

வலி வந்து நேரமாகிறது, குட்டி வரவில்லை

ஆடு ஒதுங்கி, காலால் தரையைக் கீறி, படுத்து எழுந்துகொண்டிருப்பது சில மணி நேரம் நீடிக்கும். தலையீத்து (முதல் ஈத்து) ஆட்டுக்கு இன்னும் அதிகம். அப்போது தொந்தரவு செய்யாதீர்கள். பனிக்குடம் உடைந்ததிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குட்டி தெரிய வேண்டும். நன்றாக முக்கிக்கொண்டே இருந்தும் ஒரு மணி நேரம் தாண்டினால் கைவிட்டுப் பார்க்கிற நேரம்.

மேச்சேரி ஆட்டின் இடுப்பு சிறியது. எங்கள் வீட்டில் இந்த வேலை அம்மாவுடையது. அவர் கை மெல்லியது, அவசரமும் கிடையாது. ஆண்களின் தடித்த கை போய்க் கருப்பை கிழிந்த ஆட்டைப் பக்கத்துக் காட்டில் பார்த்திருக்கிறேன். நகத்தை வெட்டி, சோப்புப் போட்டு, கையுறை மாட்டி, பாரஃபினைத் தாராளமாகத் தடவி, ஐந்து விரலையும் குவித்து, ஆடு முக்காத இடைவெளியில் உள்ளே விடுங்கள்.

இரண்டு முன்காலும் குளம்பின் அடி தரையைப் பார்க்க, அவற்றின் மேல் மூக்கு: இதுதான் சரியான நிலை. காலில் எது முன்னது, எது பின்னது என்று தடவியே சொல்லலாம். குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டும் இரண்டாவது மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்கால். எதிரெதிராக மடங்கினால் பின்கால்.

தலை மட்டும் வெளியே வந்து கால் தெரியவில்லை என்றால் நாக்கு வீங்கி நீலமாகியிருக்கும். செத்துவிட்டதாக நினைத்து விட்டுவிடாதீர்கள், பல நேரம் உயிர் இருக்கும். தலையை மெதுவாக உள்ளே தள்ளி இடம் ஏற்படுத்தி, தோளிலிருந்து காலைத் தேடிப் பிடித்து, குளம்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு முன்னால் கொண்டுவர வேண்டும். மூடாமல் இழுத்தால் குளம்பு கருப்பையைக் கீறும்.

இரண்டு கால் வந்து தலை இல்லை என்றால் தலை பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கிறது. காலை இழுக்க இழுக்கத் தலை இன்னும் பின்னால் போகும். இழுக்கவே கூடாது. இரண்டு காலிலும் கயிற்றுச் சுருக்குப் போட்டு விட்டுவிட்டு, குட்டியை உள்ளே தள்ளி, மூக்கைக் கையால் மூடித் திருப்புங்கள். தலை மறுபடி நழுவினால் காதுகளுக்குப் பின்னால் கயிறு போட்டுப் பிடிக்கலாம். கழுத்தைச் சுற்றிச் சுருக்கு மட்டும் கூடாது.

வால் மட்டும் தட்டுப்பட்டால் குட்டி உட்கார்ந்த வாக்கில் இருக்கிறது. இதில் ஆடு சரியாக முக்கவும் செய்யாது, மந்தமாக நிற்கும், அதனால்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பின்காலை ஒவ்வொன்றாக மடக்கி எடுத்து, பின்கால் வழியாகவே வெளியே எடுங்கள். இரண்டு பின்காலும் முன்னதாக வந்தாலும் இதே போலத்தான், திருப்ப முயல வேண்டாம். ஆனால் பாதி உடம்பு வந்ததும் தொப்புள்கொடி நசுங்கும், தலை இன்னும் உள்ளே இருக்கும். அங்கிருந்து தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும்.

இரட்டையாக இருந்தால் பிடித்த கால் எந்தக் குட்டியுடையது என்று உடம்புவரை தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். இழுப்பது எப்போதும் ஆடு முக்கும்போது மட்டும், நேராக இல்லாமல் ஆட்டின் பின்னங்கால் பக்கம் கீழ்நோக்கி.

கருப்பை வாய் இரண்டு விரல் மட்டும் போகும் வளையமாக இறுகியிருந்தால் எதையும் செய்யாதீர்கள். அதற்கு மருத்துவர்தான், அறுவைகூடத் தேவைப்படும். மற்ற நிலைகளிலும் பதினைந்து நிமிடம் முயன்று நகரவில்லை என்றால் 1962-ஐ அழையுங்கள். கைவிட்டுப் பார்த்த ஆட்டுக்கு எப்படியும் ஆன்டிபயாடிக் வேண்டும், அதையும் அவரிடம் கேளுங்கள்.

விழுந்த குட்டிக்கு மூச்சில்லை

மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை விரலால் வழித்தெடுங்கள். வைக்கோல் துரும்பை மூக்கில் நுழைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டினால் தும்மும். விலா எலும்பைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். பின்காலைப் பிடித்துச் சில விநாடி தலைகீழாகத் தூக்கலாம். சுழற்ற வேண்டாம், வழுவழுப்பில் கை நழுவி நானே ஒன்றைப் போட்டிருக்கிறேன். மூச்சு வந்ததும் தாயின் மூக்குக்கு முன் வைத்துவிடுங்கள், அது நக்குவதைப் போல வேறு எதுவும் தேய்க்காது. தொப்புளை அயோடினில் நனைத்து, ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. இதை விட்ட வருடம்தான் இரண்டாம் வாரத்தில் முழங்கால் வீங்கி நொண்டும் குட்டிகள் வந்தன.

தாய் குட்டியைச் சேர்க்கவில்லை

முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கல்லாக இறுகி, சூடாக இருந்தால் மடிநோய். வலி தாங்காமல்தான் உதைக்கிறது. நீலம் பாய்ந்து சில்லென்று ஆகிவிட்டால் ஆட்டின் உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே மருத்துவர் வேண்டும். குட்டிக்கு வேறு பால் பாருங்கள்.

மடி நன்றாக இருந்தால் இது பழக்கக் கோளாறு. தலையீத்து ஆடுகளிடம் அதிகம். மழைநாளில் பட்டிக்குள் நெருக்கி அடைக்கும்போது ஒன்றின் குட்டியை மற்றொன்று நக்கி வாசம் குழம்பிவிடும். இன்னும் ஈனாத சினை ஆடு அடுத்ததன் குட்டியைத் தன்னுடையது என்று கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. அப்படி நடந்தால் அதன் சீம்பாலைத் திருட்டுக்குட்டி குடித்துத் தீர்த்துவிடும், சொந்தக் குட்டி பிறக்கும்போது மடி காலி. ஈனப்போகும் ஆட்டைத் தட்டி வைத்துத் தனியே தடுப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

தாயையும் குட்டியையும் நாலடிக்கு நாலடி இடத்தில் இரண்டு மூன்று நாள் அடையுங்கள். பனிக்குட நீரோ இளங்கொடியின் (நஞ்சுக்கொடியின்) ஈரமோ இருந்தால் குட்டியின் முதுகில் தடவுங்கள். நாலு மணிக்கு ஒருமுறை ஆட்டைப் பிடித்து ஊட்டவிடுங்கள். தன் பால் குட்டியின் வயிற்றில் போய்ப் பின்பக்கம் வாசமாக வர ஆரம்பித்ததும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். குட்டி இழந்த ஆட்டுக்குத் தாயில்லாக் குட்டியைச் சேர்க்க, செத்த குட்டியின் தோலை உரித்து மேலே போர்த்துகிற பழைய முறை இன்றும் பலிக்கிறது.

ஈனுவதற்கு முன்பே ஆடு படுத்துவிட்டது

சினையின் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டியின் எடையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான அளவு ஏறுகிறது. அதே சமயம் வளர்ந்த குட்டி இரைப்பையை நெருக்குவதால் ஆட்டால் நிறையத் தின்னவும் முடியாது. செம்மறி மழையில் நனைந்து மேயாது. கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றாலும் வெள்வேல மரத்தடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். மூன்று நாள் இப்படிப் போனால் உடம்புக் கொழுப்பைக் கரைக்க ஆரம்பித்து, அந்தக் கழிவே ரத்தத்தில் நஞ்சாகிவிடும். சினை நஞ்சு என்கிறோம். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு, மிகவும் மெலிந்த ஆடு, மிகவும் கொழுத்த ஆடு இவைதான் முதலில் விழும்.

மந்தையிலிருந்து ஒதுங்கும், தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பும், பல்லை நறநறவென்று கடிக்கும், கண் தெரியாத மாதிரி வேலியில் முட்டி நிற்கும், மூச்சில் பழம் கனிந்த வாடை வரும். நின்றுகொண்டிருக்கும்போதே வைத்தியம் பார்த்தால் பிழைக்கும். புரோப்பிலீன் கிளைக்கால் வேளைக்கு 60 மில்லி, காலையும் மாலையும் மூன்று நாள், வாய் வழியாக. படுத்துவிட்டால் நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். குட்டியை முன்கூட்டியே வெளியே எடுத்தால்தான் ஆடு பிழைக்கும் என்கிற நிலையும் வரும். வெல்லத் தண்ணீரை நம்பி நாளைக் கடத்தாதீர்கள், இரைப்பையிலேயே புளித்துவிடும்.

இதைப் போலவே தோன்றும் இன்னொன்று சுண்ணாம்புச் சத்துக் குறைவு. இது திடீரென்று வரும், தள்ளாடும், பின்காலை நீட்டிப் படுக்கும், வயிறு உப்பும். மழையில் ஓட்டிக்கொண்டு போனதும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். கால்சியம் ஊசி போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். எழவில்லை என்றால் அநேகமாகச் சினை நஞ்சு. இரண்டும் சேர்ந்தும் வரும் என்பதால் மருத்துவர்கள் இரண்டுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். நரம்பில் கால்சியம் வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும், அதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

சினை நஞ்சைப் பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கலாம். கடைசி ஆறு வாரம் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் அளவில் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து வையுங்கள். முதல் நாளே முழு அளவு வேண்டாம், ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். குட்டி பெரிதாகி ஈனச் சிரமப்படும் என்று சினை ஆட்டைக் காயப்போடும் வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. பெரியவர்களை மதிக்கிறேன், ஆனால் இதில் அவர்கள் சொல்வது தவறு. காயப்போட்ட ஆட்டுக்குக் குட்டியும் மெலியும், பாலும் வராது.

பின்னால் சிவப்பாக ஏதோ தள்ளியிருக்கிறது

ஈனுவதற்கு முன்பு ஆரஞ்சுப்பழம் அளவில் வழவழப்பாகத் தெரிந்தால் அது பிறப்புறுப்பின் உட்சுவர். ஆறிய வெந்நீரில் கழுவி, சற்றே தூக்கிப் பிடித்தால் அடைபட்ட சிறுநீர் வெளியேறும், அப்புறம் உள்ளங்கையால் மெதுவாக உள்ளே தள்ளலாம். கயிற்றால் கச்சை கட்டுவதை மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த ஆட்டை அடுத்த ஈத்துக்கு வைக்க வேண்டாம், திரும்பவும் வரும்.

ஈன்ற பிறகு, சிவந்து முண்டும் முடிச்சுமாகப் பெரிதாகத் தொங்கினால் கருப்பையே வெளியே வந்துவிட்டது. ஒரு நிமிடமும் வீணாக்காமல் மருத்துவரை அழையுங்கள். அதுவரை ஈரமான சுத்தத் துணியில் ஏந்தி, ஆட்டை நகரவிடாமல், பின்பக்கம் உயரமாக நிறுத்துங்கள். வீங்கியிருந்தால் சர்க்கரையைத் தூவினால் நீர் வற்றிச் சுருங்கும்.

இளங்கொடி விழவில்லை

ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் விழுந்துவிடும். பன்னிரண்டு மணி தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கையால் இழுக்கவும் வேண்டாம், கல்லைக் கட்டித் தொங்கவிடவும் வேண்டாம். மூங்கில் இலை கொடுப்பது வழக்கம், கொடுங்கள், அதை நம்பி இரண்டாம் நாள்வரை காத்திருக்காதீர்கள். விழுந்ததை உடனே ஆழமாகப் புதையுங்கள். அந்த வாடைக்கு வரும் காகம் குட்டியின் கண்ணைக் கொத்தும், நாயும் வரும். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்ற துயரத்தை எல்லோரும் அறிவோம்.

அடுத்தடுத்து ஆடுகள் குட்டி வீசுகின்றன

ஒன்று வீசினால், அதாவது நாள் நிரம்பாமல் குட்டி விழுந்தால், முட்டியதாலோ நெருக்கியதாலோ இருக்கலாம். ஒரு வாரத்தில் இரண்டு மூன்று என்றால் தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீசிய ஆட்டைத் தனியே கட்டுங்கள். விழுந்த குட்டியையும் கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், மருத்துவர் மாதிரி எடுத்ததும் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கன்று வீச்சு நோய் (புரூசெல்லோசிஸ்) உட்பட இவற்றில் பல மனிதருக்கும் தொற்றும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஈத்துக் காலம் முழுக்கப் பட்டிப் பக்கமே அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் இதைக் கண்டிப்பாக வைத்திருக்கிறோம்.

கொழுகொழுவென்றிருந்த குட்டி காலையில் செத்துக் கிடக்கிறது

எல்லாம் தாண்டி ஒரு மாதம் ஆகியிருக்கும். மெலிந்ததெல்லாம் நன்றாக இருக்க, நிறையப் பால் குடிக்கும் முதல்தரக் குட்டி சாயந்திரம் துள்ளிவிட்டு விடியும்போது விறைத்துக் கிடக்கும். இதுதான் துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய். வைத்தியம் பார்க்க நேரமே தராது. சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பு தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் பாதுகாப்பு போகும், அந்தச் சீம்பாலைக் குட்டி குடித்திருந்தால். கார்த்திகையில் ஈனும் எங்கள் ஆடுகளுக்கு இப்போது ஐப்பசி முதல் வாரத்தில் போட்டுவிடுகிறோம். ஊசி போட்ட தேதியை ஆடு வாரியாகப் பட்டிக் கதவிலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார் அம்மா.